மொட்டை மாடியில் சுழலும் யந்திரம்

பட்டணத்தில் ஒரு ஹோட்டலைத் திறக்க முற்படுகிறவர், வாசல் பலகையின் எழுத்து முதல் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் மாட்டும் சுவாமி படம் வரையில் ஒவ்வொன்றிலும் தம் கண்ணையும் பணத்தையும் செலுத்துகிறார். ஆனால் அடுக்களையின் புகையையும் எண்ணெய் ஆவியையும் நாள் முழுவதும் உறிஞ்சி வெளியேற்றுவதற்காக மொட்டை மாடியில் பொருத்தப்படும் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும், யாரோ ஓர் ஒப்பந்தக்காரர் ஏதோ ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போகும் வஸ்துவாகவே இருந்துவிடுகிறது. ஆயுத பூஜையன்று கிரைண்டருக்கும் தராசுக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறவர்கள்கூட அதற்காக மாடி ஏறுவது அபூர்வம். கட்டடத்துச் சொந்தக்காரர் அது வாடகைக்காரருடையது என்கிறார். வாடகைக்காரர் அதை ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்கிறார். ஒப்பந்தக்காரரோ பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஹோட்டலுக்குப் போய்விட்டார். இப்படி மூவருக்கும் சொந்தமில்லாமல் போன யந்திரத்தினிடம், பெல்ட் அறுந்துவிட்டது என்றோ காற்று இழுக்கவில்லை என்றோ திடீரென்று ஒரு நாள் அனுப்பப்படுகிற எலெக்ட்ரீஷியனின் பிராணனைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன். ஜாக்கிரதையாக இரு என்று சொல்லி அவரை மேலே அனுப்புவது போதாது. அவருடைய பாதுகாப்பு, யந்திரத்தை நிறுவுகிற அன்றைக்கே அதனோடு சேர்த்து நிறுவப்பட வேண்டிய ஓர் அங்கம் என்பதே என் கட்சி.

அந்த ஃபேன் ஏன் மாடியில் இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தொழிலில் இருப்பவர்கள் டக்ட் என்று சொல்லும் தகரக் குழாயின் கடைக்கோடியில் யந்திரம் இருந்து காற்றை இழுக்கும்போது, குழாய் முழுவதிலும் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் குறைந்தே இருக்கிறது. எங்கேனும் ஒரு மூட்டு விட்டுப்போனால்கூட வெளிக்காற்று உள்ளே புகுமேயன்றி, எண்ணெய்ப் புகை மாடிப்படியிலோ மேல்தளத்துக் குடித்தனத்திலோ கசிவதில்லை. அதே யந்திரத்தைக் கீழே வைத்துத் தள்ளச் செய்தால், ஒவ்வொரு மூட்டும் புகையைக் கக்கும் வாயாகிவிடும். ஆகவே மாடிதான் அதற்கு உரிய ஸ்தலம். ஆனால் அப்படி உரிய ஸ்தலத்தில் வைத்ததனாலேயே, அதைத் தொட வேண்டிய ஒவ்வொரு மனிதரும் உயரத்தின் அபாயம், மின்சாரத்தின் அபாயம், சுழலும் இலைகளின் அபாயம் ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் சந்திக்கும்படி ஆகிறது.

இந்த மூன்றில் மிகக் கொடியது, நின்றுவிட்டதாக நம்பப்பட்ட யந்திரம் மறுபடி ஓடத் தொடங்குவதுதான் என்று நான் கருதுகிறேன். சுவிட்ச் கீழே அடுக்களையில் இருக்கிறது. ரிப்பேர் செய்கிறவர் மேலே இருக்கிறார். இரண்டுக்கும் இடையே மூன்று மாடி. அடுப்பங்கரையில் புகை மண்டியதும், மேலே ஆள் ஏறியிருக்கிற சங்கதி தெரியாத ஒரு பையன் வழக்கம்போல் சுவிட்சைப் போடுகிறான். அதற்கு அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? யாருமே சுவிட்சைத் தொடாமலும் இது நிகழக்கூடும். ஸ்டார்ட்டர் இல்லாமல் நேரே இணைக்கப்பட்ட மோட்டார், நின்றுபோன மின்சாரம் திரும்பிய அந்த விநாடியே புறப்பட்டுவிடும். சூடேறினால் தானே நின்று, ஆறினால் தானே ஓடும்படியான வெப்பக்காப்பு பொருத்திய மோட்டார்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட மோட்டார் ஒன்று வெயில் வேளையில் நின்றுபோனதைப் பழுது என்று எண்ணி ஒருவர் பெல்ட்டின்மேல் கைவைத்த நேரத்தில் அது ஆறிவிட்டதானால், பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் அகப்பட்ட விரல்களை யாரால் மீட்க முடியும்? மின்சாரமே இல்லாவிட்டாலும், பலத்த காற்று அடிக்கும்போது இலைகள் தாமாகவே சுழல்வதை மாடியில் நின்றவர்கள் பார்த்திருப்பார்கள்.

இதற்குப் பரிகாரம் நம் பழைய எலெக்ட்ரீஷியன்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பீங்கான் ஃபியூஸ் இருந்த காலத்தில், வேலைக்குப் போகிறவர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறுவார். அவர் இறங்கி வந்து அதைச் செருகுகிற வரையில், முதலாளியே நினைத்தாலும் அந்த யந்திரத்தை ஓட்ட முடியாது. பிறகு எம்.சி.பி. வந்தது. அது எத்தனையோ விதங்களில் மேலான சாதனந்தான். கம்பி கட்டும் தொல்லை ஒழிந்தது. தீ விபத்தும் குறைந்திருக்கும். ஆயினும் பையில் போட்டுக்கொள்வதற்கு அதில் ஒன்றுமில்லை. விரலால் தட்டினால் அணைகிறது, யார் விரல் தட்டினாலும் மீண்டும் எரிகிறது. ஒரு நல்ல சாதனம் வந்தபோது, அதைவிடப் பழமையான ஒரு நல்ல வழக்கம் நமக்குத் தெரியாமலே நழுவிப்போயிற்று என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் சிந்திக்க வேண்டும். மின்சார வாரியத்தில், லைனில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்ற உறுதியான லைன் கிளியர் வாங்காமல் கம்பத்தில் ஏறக்கூடாது என்ற விதி உள்ளது. அமெரிக்காவில் 1989ல் வெளியிடப்பட்ட தொழிற்பாதுகாப்பு விதியோ, யந்திரத்தைப் பழுதுபார்க்கும் ஒவ்வொருவரும் மின்வழியைத் துண்டித்து அதன்மேல் தம் சொந்தப் பூட்டைப் பூட்ட வேண்டும் என்றும், பூட்டியவரே அதை நீக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. ஃபியூஸ் கட்டையைப் பையில் போட்ட நம் மனிதர் செய்ததும் தத்துவத்தில் இதுவேதான்.

ஆகையால் ஃபேனை நிறுவுகிற அன்றே, அதன் அருகில், கைக்கெட்டும் தூரத்தில், மழைநீர் புகாத பெட்டியில், பூட்டுப் போடும் துவாரமுள்ள, மின்வழியைத் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் அமைக்கப்பட்டே ஆக வேண்டும். மாடி ஏறுகிறவர் தம் கையாலேயே அதை அணைத்துப் பூட்டிச் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம், கீழேயிருந்து “அண்ணே, போடலாமா?” என்று ஒரு தம்பி கேட்பதும், தெரு இரைச்சலில் பதில் பாதி கேட்காமல் போவதும், அதை நம்பி ஓர் உயிர் நிற்பதும் இல்லாது ஒழியும். பழைய ஹோட்டல்களில் இந்தப் பெட்டி வருகிற வரையில், எம்.சி.பி.யின் விசையை அசையாமல் கவ்விப் பூட்டும் சிறு கவ்விகள் கடைகளில் கிடைக்கின்றன; அவற்றையேனும் வாங்கி வைக்கலாம். பூட்டிய பிறகும், டெஸ்டரின் சிறு விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. மின்சாரம் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓரிடத்தில் கருவியைச் சோதித்து, பிறகு மோட்டாரின் மூன்று ஃபேஸ்களிலும் வைத்துப் பார்த்து, மறுபடி முதலில் சொன்ன இடத்திலேயே கருவி வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்வதுதான் முறையான பரிசோதனை. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரானால் அதன் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். அதை வடித்துவிட வேண்டும். இலைகள் முற்றும் நின்றபின், காற்றில் சுழலாதபடி அவற்றைக் கயிற்றால் கட்டிவிடவும் வேண்டும்.

உயரத்தைப் பற்றிச் சொல்லப் புகுந்தால், காங்கிரீட் மாடியும் ஷீட் கூரையும் வெவ்வேறு உலகங்கள். மாடியில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர் இருந்து, ஃபேன் அந்த விளிம்பிலிருந்து விலகி நடுவில் வைக்கப்பட்டிருந்தால், பாதி அபாயம் அப்போதே தீர்ந்தது. ஆனால் டக்ட் வெளிச்சுவரை ஒட்டி வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக யந்திரத்தையும் சுவரோரத்தில், நிற்க இடமில்லாத முனையில், இரும்புச் சட்டத்தின்மேல் தொங்கவிடும் வழக்கம் பெருகிவருகிறது. டக்டுக்கு இரண்டு மீட்டர் தகரம் மிச்சமாகிறது என்பது உண்மை. அதற்குப் பதிலாக அந்த யந்திரத்தின் ஆயுள் முழுவதும் அதனிடம் வருகிற ஒவ்வொருவரும் வெறும் வெளியில் சாய்ந்து நின்று வேலை செய்ய நேர்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ இன்னும் வஞ்சகமானது. வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் கிடந்து இற்றுப்போன ஷீட், பார்வைக்குக் கல்லைப்போல் இருந்து, மனிதனுடைய எடையைத் தாங்காமல் ஒரு கணத்தில் உடைந்துவிடும். வெளிச்சத்துக்காக இடையிடையே பதித்த பிளாஸ்டிக் ஷீட்டும் அப்படியே. போல்ட் வரிசை தெரிகிற இடத்தில் அடியில் இரும்புச் சட்டம் இருக்கும், அதன்மேல் கால்வைத்து நடந்தால் போதும் என்று பழக்கப்பட்டவர்கள் சொல்வதுண்டு. இந்த யோசனையை நான் வன்மையாக மறுக்கிறேன். சட்டத்துக்குச் சட்டம் எட்டும் நீளமான பலகைகள் போட்டு, அவற்றின்மேல் மட்டுமே நடக்க வேண்டும். உடம்பு முழுவதையும் தாங்கும் பாதுகாப்புக் கச்சை அணிந்து, அதன் கயிற்றைக் கட்டடத்தின் உறுதியான உறுப்பொன்றில் மாட்ட வேண்டும். ஃபேனின் கூட்டிலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டிய கச்சை, மனச்சமாதானத்தைத் தருமேயன்றி உயிரைத் தாங்காது.

ஃபேனை மேலே ஏற்றுவதிலும் இதே அவசரம் காணப்படுகிறது. ஓர் ஆளின் எடையையும் தாண்டக்கூடிய அந்த யந்திரத்தை, கைப்பிடிச் சுவரின்மேல் கயிற்றைப் போட்டு நாலு பேர் இழுத்து ஏற்றுவதை எத்தனையோ தெருக்களில் காணலாம். கயிறு சுவர் விளிம்பில் தேய்ந்துகொண்டிருக்க, அதற்கு நேர்கீழே ஜனங்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள். செயின் பிளாக்கோ கிரேனோ வாடகைக்குக் கிடைக்கிற ஊரில் இதற்கு எந்த நியாயமும் இல்லை. ஏற்றியபின் அதை உட்கார்த்தும் பீடம், தளத்தைவிட உயர்ந்து, மழைநீர் தேங்காததாய், அதிர்வைத் தாங்கும் ரப்பர் மெத்தையுடன் அமைய வேண்டும். தளத்தைத் துளைத்து போல்ட் இறக்கிவிட்டு ஓட்டையை அடைக்காமல் போனால், ஓதம் இறங்கிக் கீழ்க்கூரையின் கம்பியும் துருவேறும்.

அடுத்தது வயர் இணைக்கிற கட்டம். மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு வயர்கள் இடம் மாறினால் சுழற்சி திசை மாறிவிடும் என்பதை அநேகர் அறிவார்கள். அறியாதது என்னவென்றால், அடுக்களைக்குப் பயன்படும் சென்ட்ரிஃபியூகல் ஃபேன் திசை மாறிச் சுழன்றாலும் காற்றைச் சிறிதளவு வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே ஓடுகிறது என்று எல்லோரும் திருப்தியடைந்து, புகை போகாததற்குப் பெரிய புல்லி மாட்டி வேகத்தைக் கூட்டச் சொல்லுகிறார்கள். வேகம் 10 சதவீதம் கூடினால் மோட்டார் இழுக்கும் சக்தி ஏறக்குறைய 33 சதவீதம் கூடுகிறது என்பது மாறாத பௌதிக விதி. மோட்டார் கருகுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கூட்டின்மேல் பொறித்த அம்புக்குறியை முதல் நாளே பார்த்திருந்தால் இவ்வளவும் நேராது. ஓடினால் போதும் என்ற எண்ணத்தைப் போலவே, கேஸ் கசிந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் இழுத்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறானது. சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானதால் தரையோடு படிந்து கிடக்கும், அப்போது ஃபேனின் சுவிட்சைப் போடும்போது எழும் ஒரு பொறியே தீக்குப் போதும்.

தீ என்றதும் எண்ணெய்ப் பிசுக்கைச் சொல்லாமல் விட முடியாது. வாணலியிலிருந்து எழும் எண்ணெய் ஆவி குழாயின் உட்புறத்தில் குளிர்ந்து பிசினாகப் படிகிறது. வடிகட்டியின் வழியே ஒரு நாள் ஜுவாலை உள்ளே இழுக்கப்பட்டால், மேலே ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனே ஊதுகுழலாகி நெருப்பை மாடி வரையில் கொண்டுபோகும். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 96ஆம் எண் நியமம், ஓயாமல் பொரிக்கும் அடுக்களையின் குழாயை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், விறகோ கரியோ எரிக்கும் அடுக்களையினுடையதை மாதம் ஒரு முறையும் பார்க்கச் சொல்கிறது. புகையை மேல்நோக்கி வீசும் ஃபேன் கீலில் மாட்டப்பட்டுத் திறந்த நிலையில் தானே நிற்க வேண்டும், அதன் வயர் வளையக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. இந்தக் கீல் ஓர் அற்ப இரும்புத் துண்டு. அது இல்லாத இடத்தில் ஃபேனை இருவர் சரித்துப் பிடிக்க, செங்கல்லை முட்டுக்கொடுத்து, மூன்றாமவர் குழாய்க்குள் தலையை நீட்டிச் சுரண்டுகிறார். அப்படிச் சுரண்டுவதற்கு மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கொண்டுபோகிற கொடுமையும் உண்டு. பிசுக்கைக் கரைக்கும் காரச் சோப்பும் வெந்நீரும் போதும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கொடுத்தால் ஆயிற்று.

சட்டம் இதில் என்ன செய்கிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சுழலும் உறுப்புகளுக்கு வேலியிடவும், ஓடும் யந்திரத்தின் அருகில் வேலை செய்வதைக் கட்டுப்படுத்தவும், உயரத்திலிருந்து விழாதபடி ஏற்பாடு செய்யவும் தெளிவாக விதிகள் வகுத்தது. ஆனால் தொழிற்சாலை என்ற சொல்லுக்கு இலக்கணம் சொல்லுமிடத்தில் ஹோட்டலையும் உணவு விடுதியையும் அது விலக்கிவிட்டது. நூற்பாலையின் பெல்ட்டுக்கு வேலி கேட்ட சட்டம், பரோட்டாக் கடை மாடியில் சுழலும் அதே பெல்ட்டை எட்டவில்லை. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பின் கீழ் அமையும் விதிகள் இந்தக் குறையை நீக்க வேண்டும். அதற்குக் காத்திராமலே, ஹோட்டலுக்கு லைசென்ஸ் அளிக்கும் உத்தியோகஸ்தர்கள் அடுக்களையின் தரையையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்ப்பதோடு நில்லாமல் மாடிக்கும் ஏறிப் பார்க்கலாம். பூட்டும் ஐசொலேட்டர், பெல்ட்டுக்கு மூடி, எர்த், கீல், ஏறுவதற்கு உறுதியான படி ஆகிய இவை இல்லாத இடத்தில் கையெழுத்திடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. இந்த வேலைகள் பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்குக் கடை சாத்திய பிறகு, டார்ச் வெளிச்சத்தில், பகலெல்லாம் வேறிடத்தில் உழைத்து வந்த ஆட்களைக்கொண்டு செய்யப்படுகின்றன. வியாபாரம் கெடக்கூடாது என்பது காரணம். மூன்று மாதத்துக்கு ஒரு முற்பகல் அடுப்பை அணைத்துவிட்டு, குழாய் ஆறியபின், வெளிச்சத்தில், ஒருவர் வேலை செய்ய ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க இதைச் செய்து முடிக்கலாம். அந்தத் தேதியை முன்னதாகவே வாசலில் எழுதி வைத்தால் வாடிக்கைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வெள்ளையடிப்பதற்கும் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கும் கடையை மூடும்போது அவர்கள் மறுநாள் வரத்தானே செய்கிறார்கள்.