500 மடங்கு எதற்கு?

குட்டீஸ், 2025 செப்டம்பர் 7 இரவு முழு சந்திர கிரகணம் வந்ததல்லவா? இப்படி வரும்போதெல்லாம் வீட்டில் தொலைநோக்கி கேட்டு அடம் பிடிப்பீர்கள். (கிரகணம் பார்க்க வெறுங்கண்ணே போதும்!) அட்டைப்பெட்டியில் '500 மடங்கு' என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். முன் லென்சின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். அதைப்போல் 2 மடங்குதான் எல்லை, 50 மி.மீ. என்றால் 100. அதற்குமேல் உருவம் கலங்கிவிடும். 1610-ல் கலிலியோ வியாழனின் 4 நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கில்தான்.

எப்போதாவது குடும்பத்தோடு பார்க்க, 10 மடங்கு பெரிதாக்கும் 50 மி.மீ. பைனாகுலர் போதும் என்பேன். மதில்மேல் ஊன்றிப் பிடித்தால் அந்த நிலவுகள் புள்ளிகளாகத் தெரியும். சனியின் வளையம்தான் தெரியாது. எங்கள் திருமலைராயன்பட்டினம் கடற்கரையில் மாசி மகத்தன்று நிலவைப் பார்த்தால் கண் கூசும், பள்ளங்கள் தெரியாது. வளர்பிறை அஷ்டமியில் பாருங்கள், நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, பார்வை போய்விடும்.