முதல் வரிசை யாருக்கு?

நம்மூர் தமிழ் இசைநிகழ்ச்சிகளில் முதல் வரிசை என்றால் பெரும்பாலும் உறை போட்ட நாற்காலிதான். டத்தோ வருவார், ஸ்பான்சர் குடும்பம் வரும். பாடகர் கை தட்டச் சொன்னால் கைப்பேசியைத் தூக்குவார்கள். 'ஜாம் ஆயிரும்'னு பாதியிலேயே கிளம்பிவிடுவார்கள்.

"காசுக்கேத்த இடம், இதுல என்ன தப்பு?" என்று கேட்கிறார்கள். பொறியாளனாகச் சொல்கிறேன்: நல்ல ஒலிக்காகத்தான் காசு என்றால் அது நஷ்ட வியாபாரம். ஒலி சரியாகச் சேர்வது மைதானத்தின் நடுவே, மிக்ஸிங் மேசைக்குப் பக்கத்தில். முதல் வரிசையின் மதிப்பே வேறு. மேடை விளக்கின் கூச்சத்தில் பாடுகிறவர் கண்ணுக்கு எட்டுவது அந்தச் சில முகங்கள்தான். 100 மீட்டர் தள்ளி நிற்பவரின் கூச்சல் மேடைக்கு வரவே 0.3 விநாடி ஆகும். முகம் வரவே வராது.

ராக் கச்சேரிகளில் நின்று பார்க்கும் பகுதிக்கு ஒரே விதி: முதலில் வந்தவர் முன்னால். மதிய வெயிலில் வரிசை, அளந்து குடிக்கிற தண்ணீர், கழிவறைக்குப் போனால் இடத்தைப் பார்த்துக்கொள்ள முன்பின் தெரியாத ஒரு கூட்டாளி. அப்படித் தடுப்புக் கம்பியைப் பிடித்தவர் கச்சேரி முடியாமல் அதை விடமாட்டார்.

எனவே, நாற்காலிகளை எடுங்கள். டத்தோவுக்கும் ஆசையிருந்தால் மதியமே வந்து வரிசையில் நிற்கட்டும்.