மூக்கு ஆபரேஷன்: மூச்சுக்கா, முகத்துக்கா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படிங்க!

‘ஒரு பக்க மூக்கு எப்பவும் அடைச்சே இருக்கு.’ ‘செல்ஃபியில மூக்கு கோணலா தெரியுது.’ இரண்டு பிரச்னைகளுக்கும் பலர் கூகுளில் தேடுவது ஒரே விஷயம்: மூக்கு ஆபரேஷன். ஆனால், அது ஒரே ஆபரேஷன் கிடையாது.

செப்டோபிளாஸ்டி

இரண்டு நாசித் துவாரங்களுக்கும் நடுவே எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த ஒரு சுவர் இருக்கிறது. பலருக்கும் அது கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். வளைவு மூச்சை மறித்தால்தான் ஆபரேஷன் தேவை. உள்பக்கமாகவே கீறி நேராக்குவார்கள். மூக்கின் தோற்றம் பொதுவாக மாறாது.

டர்பினேட் குறைப்பு

உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கும் மடிப்புகள்தான் டர்பினேட். அலர்ஜியால் இவை வீங்கியே இருந்தால், அளவைக் குறைப்பார்கள். அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் மூக்கு வறண்டு, பாதை திறந்திருந்தும் மூச்சு போகாத உணர்வு வரலாம்.

ரைனோபிளாஸ்டி

தோற்றத்துக்காக எலும்பையும் குருத்தெலும்பையும் திருத்தி அமைப்பது. ‘ஓப்பன்’ முறையில் துவாரங்களுக்கு நடுவே சின்னத் தழும்பு இருக்கும். ‘குளோஸ்டு’ முறையில் வெளியே கீறல் இருக்காது. வீக்கம் முழுசா வடிந்து இறுதி வடிவம் தெரிய ஓராண்டு வரைகூட ஆகலாம்.

செப்டோரைனோபிளாஸ்டி

மேலே சொன்ன இரண்டும் ஒரே ஆபரேஷனில். விபத்தில் மூக்கு உடைந்து, உள்ளும் வெளியும் கோணியவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான்.

சரி, எங்கே சிக்கல்?

மூக்குக்குள் காற்றுப் பாதையின் மிகக் குறுகலான இடத்துக்கு ‘நேசல் வால்வ்’ என்று பெயர். மூக்கை ஒல்லியாக்கும்போது இந்த இடமும் சுருங்கலாம். நன்றாக மூச்சுவிட்டவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு அடைப்பு வருவது இப்படித்தான். ‘கத்தியே வேண்டாம், ஊசி போதும்’ என்று விற்கப்படும் ஃபில்லர் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், அடைப்பைச் சரிசெய்யாது. அரிதாக, ரத்தக்குழாய் அடைபட்டுப் பார்வையே பறிபோகும் ஆபத்தும் அதில் உண்டு.

அதனால், முதலில் காரணத்தைக் கண்டுபிடிங்க. அடைப்பு சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறினால், அது இயல்பாக இருக்கலாம். எப்போதும் ஒரே பக்கம் என்றால் இ.என்.டி. டாக்டரைப் பாருங்க. கன்னத்தை லேசாகப் பக்கவாட்டில் இழுக்கும்போது மூச்சு சுலபமானால், அதையும் சொல்லுங்க. பிரச்னை வால்விலும் இருக்கலாம். அப்போது சுவரை மட்டும் நேராக்கினால் போதாது. அலர்ஜிதான் காரணம் என்றால் டாக்டர் தரும் ஸ்பிரேயிலேயே குறையலாம். ஆனால், கடையில் நாமே வாங்கும் அடைப்பு நீக்கி சொட்டு மருந்தைத் தொடர்ந்து போட்டால், அதுவே அடைப்பைக் கூட்டும்.

பணக் கணக்கும் முக்கியம். அழகுக்காக மட்டும் செய்தால் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கை கொடுக்காது. மருத்துவத் தேவைக்கான செப்டோபிளாஸ்டி என்றால், காத்திருப்புக் காலம் முடிந்தபின் கிளெய்ம் கிடைக்க வாய்ப்புண்டு. பாலிசியை முன்கூட்டியே படிங்க.

அழகுக்காக ஆபரேஷன் செய்துகொள்வது தப்பே இல்லை. அது அவரவர் விருப்பம். ஆனால், ‘இதற்குப் பிறகு என் மூச்சு எப்படி இருக்கும்?’ என்ற கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் கையெழுத்துப் போடாதீங்க. போட்டோவில் மூக்கு சில நொடிதான். மூச்சு ஆயுசுக்கும் வேணும்.