பாலத்தின் நடுக்கம்

ஆற்றுப் பாலத்தின்மீது நாம் நின்றுகொண்டிருக்கையில் கனத்த லாரி ஒன்று கடந்து சென்றால், காலடியில் ஒரு நடுக்கம் தெரியும். குழந்தைகள் குதூகலிப்பார்கள், பெரியவர்கள் சற்று வேகமாக நடப்பார்கள். பயப்பட வேண்டியதில்லை. சிறிதும் நடுங்காத பாலம் உலகில் கிடையாது. அந்த நடுக்கம் வழக்கம்போல் இருக்கிறதா, மாறிவிட்டதா என்பதே கவனிக்க வேண்டிய விஷயம்.

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் பாலத்தின் நடுக்கத்தை அளந்து, ரேடியோ மூலம் செய்தி அனுப்பும் சிறு கருவிகள் இப்பொழுது வந்துவிட்டன. ஆனால் கருவிக்கும் ஆகாரம் வேண்டுமே! நதிக்கு மேலே, உத்தரத்துக்கு அடியில், ஏணியும் எட்டாத இடங்களில் அவற்றைப் பொருத்திவிட்டுச் சில வருஷங்களுக்கு ஒரு முறை பாட்டரி மாற்றுவது லேசான காரியமா?

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட உபாயம் ரஸமானது. பாலத்தின் நடுக்கத்தையே கருவிக்கு ஆகாரமாக்கிவிடுகிறார்கள்! சில வகை ஸ்படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-ஆம் வருஷத்தில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் பிரெஞ்சுச் சகோதரர்கள் கண்டறிந்தார்கள். நம் சமையலறையில் காஸ் அடுப்பை ஏற்றும் லைட்டர் 'டக்'கென்று பொறி விடுவதும் இந்தத் தத்துவத்தினால்தான். இத்தகைய பொருளை ஒட்டிய மெல்லிய தகட்டின் ஒரு முனையை உத்தரத்தில் இறுக்கி, மறு முனையில் சிறு எடை ஒன்றை வைக்கிறார்கள். பாலம் அதிரும்போது தகடு வளைந்து நிமிர்கிறது, மின்சாரம் சுரக்கிறது.

ஆனால் ஊஞ்சலை அதன் தாளமறிந்து தள்ளினால்தானே உயரப் போகும்? அதுபோல் தகட்டின் அசைவும் பாலத்தின் அசைவும் ஒத்திருக்க வேண்டும். பாலமோ விநாடிக்குச் சில தடவைகளே அசைகிறது. வெயிலாலும் பாரத்தாலும் அந்தத் தாளமும் மாறுகிறது. கிடைக்கும் சக்தியும் பெரும்பாலும் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே கருவி, சிக்கனமான குடித்தனக்காரரைப்போல் சிறுகச் சிறுகச் சேமித்து, நெடுநேரம் உறங்கி, கணநேரம் விழித்துச் செய்தி அனுப்பிவிட்டு, மறுபடியும் உறங்கிவிடுகிறது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் குஜராத்திலுள்ள மோர்பி நகரை நினைத்துப் பார்க்கட்டும். பல மாதங்கள் மூடிப் பழுது பார்த்த தொங்குபாலம், மறுபடி திறந்த நாலே நாளில், 2022 அக்டோபர் 30-ந் தேதி மச்சு நதியில் அறுந்து விழுந்தது. 135 பேர் மாண்டார்கள். அறுந்த வடத்தின் 49 கம்பிகளில் 22 துருவேறியிருந்தன என்றும், அவை முன்னமே அறுந்திருக்கலாம் என்றும் விசாரணைக் குழுவினர் கண்டார்கள். கருவி இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பழைய வடத்தைப் பரிசோதிக்கப் புதிய கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொறுப்புள்ள மனிதர்களே போதும்.

சுதந்திர நாட்டில் பாலங்கள் ஜனங்களின் சொத்து. இந்தக் கருவிகளை நம் இஞ்சினீயர்கள் அவசியம் பரீட்சித்துப் பார்க்கட்டும். தன் நடுக்கத்தையே சோறாக இட்டுப் பாலம் ஒரு காவலாளியை வளர்க்கட்டும். ஆனால் அந்தக் காவலாளி கூவும்போது, "இன்று பாலம் மூடப்பட்டது" என்று பலகை மாட்டும் துணிவு அதிகாரிகளுக்கு வேண்டும். அந்தத் துணிவைச் சுரக்கும் ஸ்படிகத்தை எந்த விஞ்ஞானியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை!