மறைக்க ஒன்றுமில்லாத பேனை

புதிய மொடல் வந்தால்தான் வியாபாரம் ஓடும் என்ற எண்ணம் நமது வர்த்தகர்களிடையே வேரூன்றியிருக்கிறது. வருடத்துக்கு ஒரு பெட்டி, பெருநாளுக்கு ஒரு நிறம். ஆனால் தலைமுறை தாண்டி விற்பனையாகும் பொருட்களின் வரலாறு இதற்கு மாறானது என்பதே என் கருத்து.

உலகெங்கும் விற்பனையாகும் பிக் கிறிஸ்டல் பேனையை எடுத்துக்கொள்வோம்.

குமிழ்முனைப் பேனைக்கு 1938இல் காப்புரிமை பெற்றவர் ஹங்கேரியரான லாஸ்லோ பிரோ. 1945 ஒக்டோபரில் மில்டன் ரெய்னோல்ட்ஸ் என்ற அமெரிக்க வியாபாரி, அவசர அவசரமாக இவ்வகைப் பேனையை நியூயோர்க் சந்தைக்கு விட்டார். விலை 12.50 டொலர். முதல் நாளே ஆயிரக்கணக்கில் விற்பனையானது. ஆனால் மை கசிந்தது. பேனைகள் திரும்பி வந்தன. சில வருடங்களில் விலையும் விழுந்தது, பெயரும் கெட்டது.

பிரான்ஸில் மார்செல் பிக் அவசரப்படவில்லை. பிரோவிடமிருந்து உரிமையை வாங்கி, சுவிஸ் கடிகாரத் தொழிலில் பயன்படும் நுண்ணிய இயந்திரங்களைக் கொண்டு முனையைச் செப்பனிட்டு, 1950 டிசம்பரில் பேனையை வெளியிட்டார்.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். ஆறு பட்டை இருப்பதால் மேசையில் உருண்டோடாது, விரலிலும் வழுக்காது. உடலிலுள்ள சிறு துளை காற்றழுத்தத்தைச் சமப்படுத்துவதால் மை ஒழுங்காக இறங்கும். உடல் கண்ணாடி போலிருப்பதால் மை எவ்வளவு மிச்சம் என்பது வாங்கியவருக்குத் தெரியும். அலங்காரத்துக்கென்று எதுவுமில்லை.

அதற்காகக் கொம்பனி சும்மா இருக்கவுமில்லை. 1961இல் உருக்குக் குமிழுக்குப் பதிலாக அதைவிட உறுதியான டங்ஸ்டன் கார்பைட் குமிழ் வந்தது. 1991இல் மூடியின் நுனியில் துளையிட்டார்கள். பிள்ளைகள் தவறி விழுங்கினாலும் மூச்சு முற்றாக அடைபடக் கூடாது என்பதற்காகவே அது. தோற்றம் மாறவில்லை, தரம் ஏறியது. 2006இல் விற்பனை 10,000 கோடியை எட்டியது. நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகமும் இந்தப் பேனையைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது.

நமது சந்தையில் பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. பெட்டி பளபளக்கும், உள்ளேயிருக்கும் சாமானின் தகடு மெலிந்துகொண்டே போகும். போன வருடம் வாங்கிய சட்டிக்கு மூடி கேட்டு வருபவரிடம், "அந்த மொடல் இப்ப வாறதில்லை" என்று கையை விரிக்கிறார்கள். அவர் அடுத்த முறை எந்தக் கடைக்குப் போவார்?

தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஜும்ஆவில் கேட்டுவிட்டு வருகிறோம். கடையைத் திறந்ததும் அது நினைவிருக்க வேண்டும்.

மலிவாக விற்பது குறையல்ல. பிக் பேனையும் மலிவுதான். மலிவான சாமானிலும் ஏமாற்று இருக்கக் கூடாது என்பதுதான் விடயம்.

அடுத்த ஓடரைக் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தச் சாமான் வாங்குபவரின் எந்தச் சிரமத்தைத் தீர்க்கிறது? இதில் நாம் மறைக்கும் குறை ஏதும் உண்டா? ஐந்து வருடங்களின் பின்னரும் இதையே, இதன் உதிரிப்பாகங்களோடு நம்மால் கொடுக்க முடியுமா? மூன்றுக்கும் நேர்மையான பதில் கிடைத்தால், இன்ஷா அல்லாஹ், அந்த வியாபாரம் பிள்ளைகளின் காலத்திலும் நிலைக்கும்.