திண்ணைக்கு எத்தனை சதுர அடி?

இவ்வார நாளிதழ்களின் மடிப்புக்குள் செருகப்பட்டுத் தருமபுரியில் வீட்டுக்கு வீடு வந்து விழுந்த மனை விற்பனைத் துண்டறிக்கை ஒன்று, நெடுஞ்சாலையை ஒட்டிய சில ஏக்கர் புஞ்சைக்குத் 'திட்டமிட்ட துணைநகரம்' என்று பெயர் சூட்டியிருக்கிறது. துணைநகரம் என்பது பெருநகர் ஒன்றின் நெரிசலைத் தணிப்பதற்காக அதற்கு வெளியே, குடியிருப்பும் வேலையும் பள்ளியும் சந்தையும் போக்குவரத்தும் முன்கூட்டியே வரையப்பட்டு எழுப்பப்படும் ஊராகும். துண்டறிக்கையில் உள்ளவையோ நாற்பது மனைகளும், ஒரு பூங்காவும், ஒரு நுழைவு வளைவும், வளைவின் மேல் இரண்டு சிங்கங்களும்தான். சங்க இலக்கியத்தில் மாளிகையையும் கோயிலையும் குறித்து நின்ற 'நகர்' என்னும் சொல், இன்று நான்கு எல்லைக்கல் நட்ட காட்டுக்கெல்லாம் ஒட்டப்படும் அவலத்தை இப்பத்தி முன்னரே இருமுறை புலம்பித் தீர்த்துவிட்டமையால், அதை மீண்டும் இங்கே எடுக்க வேண்டியதில்லை. சிங்கங்கள் மட்டும் புதியவை.

மெய்யாகவே ஒரு துணைநகரைத் திட்டமிடுவது எத்தகைய பாடு என்பதற்கு நவி மும்பையைக் காட்டிலும் தெளிவான சான்று இந்தியாவில் இல்லை. பழைய மும்பை ஒடுங்கிய தீவு. அலுவலகங்கள் அதன் தென்முனையில் குவிந்திருக்க, குடியிருப்புகள் வடக்கே நீண்டுகொண்டே போனமையால், காலையில் எல்லாரும் தெற்கு நோக்கியும் மாலையில் எல்லாரும் வடக்கு நோக்கியும் ரயிலில் தொங்கிச் செல்ல வேண்டியதாயிற்று. கட்டடக் கலைஞர்களான சார்லஸ் கொரியாவும் பிரவீணா மேத்தாவும் பொறியாளர் ஷிரீஷ் பட்டேலும், வடக்கே நீள்வதை விடுத்துக் கிழக்கே கடற்கழியைத் தாண்டிப் புதிய நகரம் ஒன்றை அமைக்கலாம் என்று 1964ஆம் ஆண்டு முன்மொழிந்து, மறு ஆண்டு 'மார்க்' இதழில் அதை விரித்து எழுதினர். மகாராட்டிர அரசு 1970இல் சிட்கோ என்னும் கழகத்தை நிறுவி, 95 சிற்றூர்களை உள்ளடக்கிய ஏறத்தாழ 344 சதுர கிலோமீட்டர் பரப்பை அதன் பொறுப்பில் விட்டது. (தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளை நடத்தும் சிட்கோ வேறு, ஒலிப்பில் இரண்டும் ஒன்றாக நிற்பது மட்டுமே உறவு.)

வரைபடத்தில் எளிதாக இருந்தது நிலத்தில் எளிதாக இருக்கவில்லை. கழியின் மேல் சாலைப் பாலம் 1973இல் திறக்கப்பட்டும், புதிய நகரின் பகுதியான வாசிக்கு மின்ரயில் வந்து சேர 1992 ஆயிற்று. தலைமைச் செயலகம் புதிய நகருக்கு இடம்பெயரும் என்பது திட்டத்தின் உயிர்நாடியாக இருந்தது; அரசு அதற்கு இசையாமல், பழைய மும்பையின் தென்முனையிலேயே கடலைத் தூர்த்து நரிமன் முனையில் மேலும் கட்டடங்களை எழுப்ப விட்டது. நிலம் கொடுத்த உழவர்களும் மீனவர்களும் உரிய ஈடு கேட்டு தி. பா. பாட்டீலின் தலைமையில் போராட, 1984 சனவரியில் காவல்துறை சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். கையகப்படுத்திய நிலத்தில் பன்னிரண்டரை விழுக்காட்டை மேம்படுத்திய மனையாக உரியவர்க்கே திருப்பித் தரும் ஏற்பாடு அந்த உயிர்களின் விலையாகத்தான் பிறந்தது. துண்டறிக்கை அச்சிட்டோர் இதையெல்லாம் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகை.

கொரியாவின் பெயர் வந்துவிட்டமையால் இப்பத்தியின் பழைய வாசகர்கள் அடுத்து வரப்போவதை ஊகித்திருப்பர். ஆம், 1985இல் அவர் எழுதி வெளியிட்ட 'தி நியூ லேண்ட்ஸ்கேப்' என்னும் சிறிய நூல்தான். நம்முடையதைப் போன்ற வெப்ப நாட்டில் வானம் பார்த்த வெளியும் ஓர் அறையே என்பது அந்நூலின் அடிப்படை. முற்றத்திலும் மொட்டைமாடியிலும் ஆண்டின் பெரும்பகுதியில் சமைக்கலாம், உறங்கலாம், விருந்தினரோடு பேசலாம். ஆகவே ஏழைக்கு வீடு தருவதென்பது கூரையிட்ட பெட்டி ஒன்றைத் தருவதோடு முடிவதில்லை. மனிதர் வாழும் இடத்தை அவர் நான்கு படிகளாகப் பிரிக்கிறார்: குடும்பத்துக்கே உரிய அறை முதலாவது, அக்கம்பக்கத்தாரோடு பேசும் வாசற்படி இரண்டாவது, தெருவார் கூடும் தண்ணீர்க் குழாயடி மூன்றாவது, ஊர் முழுதும் பயன்கொள்ளும் மைதானம் நான்காவது. இவற்றுள் ஒன்றைச் சுருக்கினால் மற்றொன்றைப் பெருக்கித்தான் ஈடுகட்ட முடியும் என்பது அவர் கணக்கு.

இக்கணக்கை நவி மும்பையின் பேலாப்பூரில் அவர் செய்தே காட்டினார். ஏழு வீடுகள் ஒரு சிறு முற்றத்தைச் சூழ்ந்து நிற்க, அத்தகைய மூன்று கொத்துகள் அதனினும் பெரிய வெளி ஒன்றைச் சூழ்ந்து நின்றன. ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டுக்குப் பொதுவாக அமையாமையால், கையில் பணம் சேரும்போது அவரவர் விருப்பப்படி வீட்டை வளர்த்துக்கொள்ளவும் வழியிருந்தது. குடியிருந்தோர் அவ்வழியைத் தாராளமாகவே பயன்படுத்தினர்: கொரியா வரைந்த ஓட்டு வீடுகளில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டு அவ்விடங்களில் மாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. வரைந்தவருக்கு அது தோல்வி என்போர் உண்டு. வளர்வதற்கென்றே கட்டப்பட்ட வீடு வளர்ந்திருக்கிறது என்றே இப்பத்தி கருதுகிறது.

இம்மனிதருக்கும் தருமபுரிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதைப் பலரும் மறந்துவிட்டனர். கிருட்டிணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் பிரிக்கப்படும் வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அங்கே தமிழ்நாட்டு அரசின் டிட்கோ கழகமும் டாடா குழுமமும் இணைந்து தொடங்கிய டைட்டன் கடிகார ஆலையின் தொழிலாளர்களுக்காக, மத்திகிரியில் எழுந்த குடியிருப்பை வடிவமைத்தவர் கொரியாவே. அந்நிறுவனத்தின் முதல் நிர்வாக இயக்குநராக விளங்கிய ஜெர்ஜெஸ் தேசாய், நவி மும்பைத் திட்டப் பணியில் முன்னர் பங்குகொண்டவர் என்பதை அறிந்தால், கடிகார ஆலை ஒன்று நகரமைப்பைப் பற்றிக் கவலைப்பட்டது வியப்பாகத் தோன்றாது. ஆக, துணைநகரம் என்னும் கருத்து நம் மாவட்டத்துக்குப் புதியதன்று. சிங்கங்களைச் சுமந்து வந்திருப்பதுதான் முதன்முறை.

கொரியாவின் வாசற்படிக்குத் தமிழில் திண்ணை என்று பெயர். (திண்ணையைப் பற்றி எழுதாத மாதம் உண்டா என்று கடிதம் எழுதும் வாசகர் பொறுத்தருள்க.) வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே, இரண்டுக்கும் உரியதாகவும் இரண்டுக்கும் முழுதும் உரியதாகாமலும் இருந்த மேடை அது. வழிப்போக்கர் கட்டை சாய்த்ததும், பிள்ளைகள் மணலில் அரிச்சுவடி பழகியதும், ராகி மூட்டைக்கு விலை பேசப்பட்டதும், பெண் கேட்டு வந்தோர் உள்ளே போகலாமா வேண்டாமா என்று தயங்கி அமர்ந்ததும் அங்கேதான். அதைப் பொற்காலமாக்கிப் பாடுவதும் பொய்யாகும்: எந்தத் திண்ணையில் எவர் அமரலாம், எவர் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதைச் சாதி வகுத்து வைத்திருந்தது. அந்த விதி ஒழிய வேண்டியது, ஒழிந்ததோ திண்ணை.

அது ஒழிந்ததன் காரணம் பண்பாட்டுச் சீரழிவு என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. காரணம் கூட்டல் கழித்தலில் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு சதுர அடி மனையை வங்கிக் கடனில் வாங்குபவர், ஒவ்வோர் அடிக்கும் விலை கொடுத்திருப்பதால், தெருவில் போகிறவர் உட்காருவதற்கென்று நாற்பது அடியை ஒதுக்க மாட்டார். கட்டட விதிகள் வீட்டின் முன்னே காலியிடம் விடச் சொல்கின்றன. காற்றும் வெளிச்சமும் கருதி விடப்படும் அவ்விடத்தைச் சுற்றுச்சுவர் தெருவிலிருந்து அறுத்துவிட, அதில் இரண்டு சக்கர வண்டியும் தண்ணீர்த் தொட்டியும் குடியேறுகின்றன. சட்டம் கேட்ட வெளி இருக்கிறது, அமர்வதற்கு இடமில்லை.

குழாயடியின் கதை வேறு. நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்து, பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக மக்கள் வாடிய இம்மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் காவிரி நீரைக் கொண்டுவந்தது. வீட்டுக்குள்ளேயே குழாய் திறந்து குடம் நிரப்பும் பெண்ணிடம், குழாயடி என்னும் சமூகவெளியை இழந்துவிட்டோமே என்று கட்டடக் கலைஞர் எவரேனும் வருந்திப் பேசினால், அப்பெண் தன் குடத்தை அவர் தலையிலேயே கவிழ்ப்பது நியாயம். ஆகவே நான்கு படிகளுள் மூன்றாவது போனது நன்மைக்கே. ஆனால் கொரியாவின் கணக்குப்படி, அது போன இடத்தைத் திண்ணையோ மைதானமோ நிரப்பியிருக்க வேண்டும்.

மைதானத்துக்கும் விதி உண்டு. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். வரைபடத்தில் அது பச்சை வண்ணத்தில் 'பூங்கா' என்று குறிக்கப்பட்டிருக்கும். அப்பச்சை பெரும்பாலும் மனையாக விற்க முடியாத கோணல் மூலையிலோ ஓடைக் கரையிலோ அமைவதைத் தற்செயல் என்று நம்புவதற்கு மிகுந்த நல்லெண்ணம் வேண்டும். கையிலுள்ள துண்டறிக்கையில் பூங்காவின் நடுவே செயற்கை நீரூற்று வரையப்பட்டிருக்கிறது; உட்காருவதற்கு ஒரு கல்கூட வரையப்படவில்லை.

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் திண்ணை வைத்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. அவற்றை அறிந்த வாசகர்கள் திண்ணையின் நீளம், அகலம், தரையிலிருந்து உயரம் ஆகிய மூன்றையும் நாடாவால் அளந்து, இப்போது அதில் அமர்பவர் யார் என்பதையும் சேர்த்து, அஞ்சலட்டையில் எழுதியனுப்ப வேண்டுகிறோம். அடுத்த வாரம், வழக்கம்போல், பாலக்கோட்டுத் தக்காளி விலை.