இணைப்பும் சாட்சியும்

வலைத்தளம் அமைப்போர் யாவரும், தேடுவோர்முன் தம் தளம் முதற்கண் தோன்றவேண்டுமென விழைதல் இயல்பே. அவ்விழைவு குற்றமன்று, அதனை நிறைவேற்றும் வழியே ஆராயத்தக்கது.

1998-ஆம் ஆண்டில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்து ஆராய்ச்சி மாணாக்கராயிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் கூகிள் தேடுபொறியின் அமைப்பை விளக்கிக் கட்டுரையொன்று வெளியிட்டனர். ஆராய்ச்சி நூலின் பெருமையைப் பிறர் அதனை மேற்கோளாக எடுத்தாளும் அளவினால் அறிவதுபோல, ஒரு பக்கத்தின் மதிப்பை அதனைச் சுட்டும் இணைப்புக்களால் அறியலாம் என்பது அவர்தம் கொள்கை. சுட்டுவோரின் தொகையேயன்றித் தகுதியும் கணக்கிடப்பெற்றது. ஆகவே இணைப்பென்பது ஒருவகைச் சாட்சியாகும். தேடுபொறிகள் இன்று வேறு பல குறிகளையும் நோக்குகின்றனவாயினும், இச்சாட்சி தன் பயனை முற்றும் இழந்திலது.

சாட்சிக்கு மதிப்புண்டாயின், அதனை விற்பாரும் தோன்றுவரன்றோ? ஜே. சி. பென்னி என்னும் அமெரிக்க வாணிக நிலையத்தின் தளத்தைச் சுட்டும் இணைப்புக்கள், தொடர்பில்லாத பற்பல தளங்களில் இடப்பெற்றிருந்தமையை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்திற்று. அவற்றைத் தாம் இடுவித்திலர் என நிலையத்தார் மறுத்தனர். எனினும் கூகிள் அத்தளத்தைக் கீழிறக்கிற்று. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்னும் திருத்தம் இத்தகைய சூழ்ச்சிகளைப் பொதுவகையில் ஒடுக்க முற்பட்டது.

“நல்லன எழுதிவிட்டு வாளாவிருந்தால் யார் அறிவர்?” என வினவுவாருளர். வினா நியாயமானதே. கேட்டல் பிழையன்று, விலைபேசலே பிழை. பிறர் பக்கத்தில் பழுதுபட்ட இணைப்பைக் கண்டால் அதனை அவர்க்குத் தெரிவித்து, அவ்விடத்திற்குப் பொருந்தும் நம் பக்கத்தையும் குறிப்பிடலாம். நாமே திரட்டிய விவரங்களை, அவை பயன்படுவார்க்கு எழுதி அறிவிக்கலாம். பொருள் கொடுத்துப் பெற்ற விளம்பர இணைப்பாயின், 2019-இல் கூகிள் அறிமுகப்படுத்திய ‘ஸ்பான்சர்டு’ என்னும் குறியை அதற்கு இட்டு உண்மையை ஒப்புக்கொள்ளலாம்.

மாணவ நண்பர்களே! விலைகொடுத்து வாங்கும் இணைப்பை இகழ்தல் எளிது. தோழன் கேட்டான் என்பதற்காக, நாம் படித்துமறியாத பக்கத்திற்கு இணைப்பளிப்பதோ நமக்குக் குற்றமாகவே தோன்றுவதில்லை. அதனை நம்பிவரும் வழிப்போக்கனுக்கு இரண்டும் ஒன்றே. பத்துக் கற்பனைகளுள் பொய்ச்சாட்சியை விலக்கும் கற்பனை நாம் இளமையிலே கற்றது. அஃது இங்கும் செல்லும். படித்துத் தேர்ந்ததையே சுட்டுவோம். பிறர் சுட்டத்தக்கதையே எழுதுவோம். அவ்வழியிற் பெறும் இடம் தாமதித்து வரினும், நாணத்தோடு இழக்கும் இடமாகாது.